பஞ்சலிங்கத்தின் பத்து மணி வெயில்

பஞ்சலிங்கம் வரைந்த படங்களிலிருந்து அடித்த வெயிலில், வடநோர்வேயின் ஹெஸ்ட்நேஸ் என்ற சின்ன மீன்பிடி ஊர் இருபத்தாறு குளிர்காலம் மிளகாய் காயவைத்தது, கம்பளிக் காலுறை உலர்த்தியது, பிறந்த பிள்ளைகளை எண்ணெய் பூசிக் கிடத்தியது, முதுகுவலியைத் தீர்த்துக்கொண்டது. ஆனால் அந்தப் படங்களில் என்ன வரைந்திருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், அவருடைய மனைவியைத் தவிர அந்த ஊரில் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. வெயில் முதுகுக்குத்தானே வேண்டியிருந்தது, ஊரே படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முதுகைப் பார்த்து மனம் உடைகிற ஆள் இல்லை பஞ்சலிங்கம். அவருடைய தொழிலே அப்படித்தான் தொடங்கியது. கொடிகாமத்தில் மனோகரி ஸ்டூடியோ என்று ஒன்று இருந்தது. அங்கே படம் பிடிக்க வருகிறவர்களுக்குப் பின்னால் தொங்குகிற படுதாக்களை எல்லாம் வரைந்தவர் அவர்தான். நீர்வீழ்ச்சி, ஏரி, மாளிகைப் படிக்கட்டு, கலண்டரில் பார்த்துக் கற்றுக்கொண்ட பனிமலை என்று பதினான்கு வருடத்தில் நாற்பது படுதா. படுதா வரைவதற்கு இரண்டு விதி உண்டு. ஸ்டூடியோ விளக்கு இடப்பக்கம் மேலே இருப்பதால் படத்திலும் வெயில் இடப்பக்கம் மேலிருந்துதான் விழவேண்டும். கீழே நடுவில் பாய் அகலத்துக்கு ஓர் இடத்தை ஒன்றும் வரையாமல் வெளிச்சமாக விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அது ஆள் நிற்கிற இடம். மாப்பிள்ளைகள், பொம்பிளைகள், முதன்முதலாய்ச் சேலை கட்டிய பிள்ளைகள், வெளிநாடு போகிற பெடியங்கள் எல்லாரும் அவருடைய மலைக்கும் ஏரிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணம் பேசுவதற்குப் படம் எடுக்க வந்த கமலவேணி, ஸ்டூடியோக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிக்கிற நேரத்தில் சட்டென்று திரும்பிப் பனிமலையைப் பார்த்துவிட்டாள். கமராப் பெட்டி 'கிளிக்' என்றது. கழுவிப் பார்த்தால் ஒரு கொண்டையும் அதில் கனகாம்பரமும்தான் வந்திருந்தன. "இந்த மலையிலை ஏறுற பாதை எங்கை?" என்று அவள் கேட்டாள். பதினான்கு வருடத்தில் அவருடைய படத்தைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டுக்கு அந்தக் கொண்டைப் படம் போகவில்லை. பஞ்சலிங்கத்தின் சட்டைப் பைக்குள் போனது, மூன்றாம் மாதம் கல்யாணம் நடந்தது.

பிறகு நாடு எரிந்தது, ஸ்டூடியோவும் எரிந்தது. நாற்பது படுதாவும் ஒரே பின்னேரத்தில் போனதை அவர் வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். அன்றைக்கு அவர் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. பிறகு கமலவேணியை அவளுடைய தாய் வீட்டில் விட்டுவிட்டு, எல்லாரும் போன வழியில் போய், யார் யாரையோ கும்பிட்டு, கடைசியில் ஹெஸ்ட்நேஸ் மீன் தொழிற்சாலையில் கொட் மீனின் தலை வெட்டுகிற மேசைக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றே துறைமுகத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நின்ற உண்மையான பனிமலையை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "பரவாயில்லை. ஆனால் நான் வரைஞ்சதுதான் திறம்," என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார்.

அந்த ஊரில் நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். இடையில் மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் வானம் நீலமாகக் கிடக்கும், மற்றதெல்லாம் இருட்டு. முதல் குளிர்காலத்தில் தொழிலாளர் விடுதியில் பதினொரு தமிழ் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, பஞ்சலிங்கம் ஒரு கட்டில் விரிப்பை எடுத்துச் சுவரில் ஆணியடித்து, வர்ணத்தூளில் பசை கலந்து, அந்த ஊர் மலையையும் துறைமுகத்தையும் மீன் காயவைக்கிற மரச்சட்டங்களையும் வரைந்தார். பழக்கதோஷத்தில் வெயிலை இடப்பக்கம் மேலிருந்து இறக்கினார். கீழே நடுவில் ஆள் நிற்கிற இடத்தை விட்டார். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பியபோது, விடுதியின் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்து கிடந்தது. கொடிகாமத்துப் பத்து மணி வெயில் அது, தொட்டால் சுட்டது.

சாவகச்சேரியான் ஒருவர் எழும்பி வந்து தன்னுடைய ஈர ஜீன்ஸை ஒரு கதிரையில் விரித்து அந்த வெயிலில் வைத்தார். இன்னொருவர் கதிரையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுத் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வாரம் முடிவதற்குள் யார் எத்தனை மணிக்கு உட்காருவது, யார் துணி காயப்போடுவது என்று முறை எழுதி ஒட்டியாகிவிட்டது. படுக்கிற நேரம் படத்தின் மேல் ஒரு போர்வையைப் போட்டு வெயிலை மூடினார்கள்.

ஹீட்டரை யார் இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சண்டை பிடிக்க வந்தவள், தொழிற்சாலையின் மேற்பார்வைக்காரி குன்வோர். ஆறடி உயரம், புருஷன் இல்லை, ஊரில் பாதிப் பேர் அவளுக்குப் பயம். வெயிலைப் பார்த்தாள், படத்தை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு திரும்பித் தன் இடுப்பை அதற்குக் காட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். "எனக்கும் ஒன்று வேண்டும். இடுப்பு உயரத்துக்கு இருந்தால் போதும்," என்றாள். இப்படித்தான் பஞ்சலிங்கம் ஹெஸ்ட்நேஸின் நிலக்காட்சி ஓவியர் ஆனார்.

அடுத்த குளிர்காலத்தில் மீன் மேசையை விட்டார். வீட்டுக்கு வீடு படம் கேட்டார்கள், இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று, தொட்டிலுக்கு ஒன்று. தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் மாட்டலாமா என்று யோசித்து, சனத்துக்குக் கண் கூசும் என்று பின் சுவரில் மாட்டினார்கள். பிரசங்கம் நடக்கும்போது பிடரியில் இளஞ்சூடு பட்டதால் கடவுளை மறந்திருந்தவர்களும் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். மருந்துக்கடையில் பிடரிக்குப் பூசும் களிம்பு என்று தனியாக ஒன்று விற்றார்கள். ஹெஸ்ட்நேஸ்காரரை எந்த ஊர்ச் சந்தையிலும் அடையாளம் காணலாம், முகம் வெளுத்துப் பிடரி மட்டும் கறுத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்புக்குப் படம் என்று பெற்றோர் சண்டை பிடித்தார்கள். பிறகு குடும்பங்களோடு வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் மோர்மிளகாய் பரப்பிய சுளகோடு வரிசையில் நிற்க, கிழவர்கள் தங்கள் முழங்காலுக்குத்தான் முதலிடம் என்று முறையிட, நகரசபை கூடி ஞாயிறும் புதனும் மிளகாய்க்கு, மற்ற நாள் முழங்காலுக்கு என்று தீர்த்து வைத்தது. ஏப்ரலில் உண்மை வெயில் சுடத் தொடங்கியதும் எல்லாப் படங்களையும் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய வெளிச்சத்தில் அந்தப் படங்களை ஒருவரும் பார்த்ததில்லை.

கமலவேணி மூன்றாவது வருடம் வந்து சேர்ந்தாள். விடுதி வாசலில் சப்பாத்தைக் கழற்றியவள், யாரையும் சுகம் விசாரிக்காமல் நேரே படத்துக்கு முன்னால் போய், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முகத்துக்கு நேரே நின்று பார்த்தாள்.

"மலை அவையின்ரை மலை. வெயில் எங்கட வெயில்," என்றாள் கமலவேணி. "ரெண்டும் ஒட்டேல்லையப்பா."

"சனம் விரும்பி வாங்குது," என்றார் அவர்.

"சனம் முதுகைக் காய வைக்குது. நீங்கள் படம் வரைய வந்தனீங்களோ, அடுப்பு வரைய வந்தனீங்களோ?"

மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் தேநீர் கேட்டார். ஆனால் அவள் சொன்னது உள்ளே போய்விட்டது. அவருக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தது, அதுதான் விஷயம். மலையின் தோளில் இருக்கிற வெட்டு, மரச்சட்டத்தில் இரண்டிரண்டாய்த் தொங்குகிற மீன், குன்வோரின் மஞ்சள் வீடு எல்லாவற்றையும் அவர் தன்னுடையதாக நினைத்திருந்தார். இது எங்கட இடம், இதை இந்த ஆள் பார்த்திருக்கிறான் என்று ஊர்க்காரரில் ஒருவர் சொல்லவேண்டும். வேறெதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

தலைநகரத்திலிருந்து கலை விமர்சகர் ஒருவர் விமானமேறி வந்து, கோட்டைக் கழற்றி, படத்துக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போய், பஞ்சலிங்கத்தின் ஓவியம் இருபத்தெட்டுப் பாகை சூடு என்று எழுதினார். அடுத்து வந்தவர் இருபத்தொன்பதரை என்று எழுதினார். பஞ்சலிங்கம் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிவைத்தார். எதிலும் மலை என்ற சொல் இல்லை.

ஒரு வருடம் ஒரு சோதனை செய்து பார்த்தார். மீனவர் சங்கத்துக்கு வரைந்த படத்தில் குன்வோரின் வீட்டைக் கூரை இல்லாமல் வரைந்தார். நான்கு சுவர், உள்ளே ஒரு மேசை, மேசையில் பனி. இரண்டு குளிர்காலம் குன்வோர் அந்தப் படத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து காலுறை பின்னினாள். மொத்தம் பதினேழு சோடி. ஒருநாளும் கேட்கவில்லை. பதினேழாவது சோடி முடிந்த அன்றைக்குப் பஞ்சலிங்கம் வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த கொண்டைப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கமலவேணி அவருக்குச் சோறு போட்டாள்.

இருபத்தைந்தாம் வருடம் புதிய ஊர்மண்டபம் எழும்பியது. அதன் தெற்குச் சுவர் முழுவதும், பன்னிரண்டு மீற்றருக்கு, பஞ்சலிங்கத்தின் படம் ஒன்று வேண்டும் என்று மேயர் நேரில் வந்து கேட்டார். ஊர் முழுவதும் ஒரே வெயிலில் ஒன்றாக உட்கார வேண்டும், அதுதான் திட்டம். இருக்கைகளை இப்போதே தரையோடு திருகாணியால் முடுக்கிவிட்டோம், எல்லாம் படத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்து மேடையைப் பார்த்தபடி இருக்கும், யாருக்கும் கண் கூசாது என்று மேயர் பெருமையாகச் சொன்னார். பஞ்சலிங்கம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, செய்கிறேன் என்றார். ஊர் கைதட்டியது, பத்திரிகை முப்பத்தைந்து பாகை எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியது.

அந்த டிசம்பரில், எழுபது வயதில், தினமும் பகல் பதினொரு மணிக்குக் கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, படம் நிறுத்துகிற தாங்கியும் கையுமாகத் துறைமுகத்துக்குப் போய், நீலம் கிடக்கிற அந்த இரண்டு மணி நேரமும் பனிக்குள் நின்று பார்த்தார். கமலவேணி தேநீர்ப் போத்தலோடு பக்கத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வாரம் அவருடைய கை தானாக இடப்பக்கம் மேலே போய் வெயிலைத் தேடியது. நாற்பது வருடப் பழக்கம், சொன்னால் கேட்குமா. இரண்டாம் வாரம்தான், அந்த வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்தும் வரவில்லை, பனியிலிருந்தே எழும்புகிறது, எதற்கும் நிழல் இல்லை என்பது அவருக்குப் பிடிபட்டது. மலைக்கு ஒரு நீலம், கடலுக்கு ஒன்று, மீன் சட்டங்களுக்கு நடுவில் வேறொன்று என்று வர்ணத்தூளைக் கலக்கக் கலக்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர்க்காரரைப் போலத் தானும் இருபத்தைந்து வருடமாக இந்த ஊரின் வெளிச்சத்தை ஒருநாளும் பார்க்காமல், அதன் மேல் தன் ஊர் வெயிலை ஊற்றிக்கொண்டிருந்தது அன்று விளங்கியது.

"இதிலை சூடு வராதே," என்றாள் கமலவேணி.

"வராது."

"ஆள் நிக்கிற இடம்?"

"மூடப்போறன். பனி வரைஞ்சு மூடப்போறன். அதிலை சனம் நடந்த தடமும் போடப்போறன்."

அவள் போத்தல் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். "வெயில் இல்லாட்டி உங்களை ஆர் இந்த ஊரிலை மதிக்கப்போகினம் எண்டு யோசிச்சனீங்களோ?"

"யோசிச்சன்," என்றார் பஞ்சலிங்கம். "யோசிச்சுப் பயந்தும் பாத்தன். பயந்தும் படம் நல்லாத்தான் வருது. நீர் இருந்து பாரும்."

அடுத்த வருடக் கோடைகாலம் முழுவதும், இருட்டாத வானத்துக்குக் கீழே, மண்டபத்தின் கதவைப் பூட்டிக்கொண்டு இருட்டை வரைந்தார். டிசம்பர் பதினான்காம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குத் திறப்பு விழா. முந்நூறு பேர் கழுத்துப் பொத்தானைக் கழற்றி, பிடரிக்குக் களிம்பு பூசி, மெல்லிய சட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். தமிழ்ப் பெண்கள், அன்று முழங்கால் நாளாக இருந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று சுளகோடு வந்திருந்தார்கள். கமலவேணி முன்வரிசையில், பச்சைச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தாள். மேடையில் மேயர், பக்கத்தில் பஞ்சலிங்கம், கொஞ்சம் தள்ளிப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர். முன்னால் முந்நூறு முகங்கள், முகங்களுக்குப் பின்னால் படம். அச்சு அசல் மனோகரி ஸ்டூடியோ என்று பஞ்சலிங்கம் நினைத்துக்கொண்டார்.

மேயர் கயிற்றை இழுத்தார். எதிர்ச் சுவரில் துணி விழுந்தது. முந்நூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பிடரியைக் கொஞ்சம் உயர்த்திக் காத்திருந்தார்கள்.

ஒரு நிமிடம் போனது. யாரோ இருமினார்கள். இரண்டு நிமிடம் போனது. ஒரு கிழவர் பிடரியைத் தடவிப் பார்த்தார், களிம்பு குளிர்ந்துபோய் இருந்தது. மேயர் பஞ்சலிங்கத்தின் காதருகே குனிந்து, வெயில் எங்கே என்று கேட்டார். "ஜனவரியில் வரும்," என்றார் பஞ்சலிங்கம். மேயரின் முகம் சிவந்தது. நடுவரிசையில் முணுமுணுப்பு எழுந்தது, ஏமாற்றிவிட்டான் என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டு பேர் எழுந்து கோட்டைத் தேடினார்கள்.

குன்வோர்தான் முதலில் திரும்பினாள். எண்பது வயதில் இடுப்போடு முழுவதுமாகத்தான் திரும்பவேண்டியிருந்தது, முடுக்கிய இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுத் திரும்பி, குறைபாடு என்ன என்று மேற்பார்வைக்காரியின் கண்ணோடு பார்த்தாள். பார்த்தவள் திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு மீற்றர் நீலத்தில் மலை நின்றது, மலையின் தோளில் வெட்டு இருந்தது, தொழிற்சாலையிலிருந்து வீடுகளுக்குப் போகிற பனிப்பாதையில் நூற்றுக்கணக்கான சப்பாத்துத் தடங்கள் இருந்தன, பாதை முடிகிற இடத்தில் அவளுடைய மஞ்சள் வீடு கூரையோடு இருந்தது, அதன் சமையலறை ஜன்னலில் சிறியதாய் ஒரு விளக்கு எரிந்தது.

"ஐயோ, விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேன்," என்றாள் குன்வோர்.

பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். இது என் தகப்பனுடைய படகுக் கொட்டில் என்று ஒருவர் சொன்னார். வலது காலை இழுத்து நடந்த தடத்தைக் காட்டி, இது நான் என்று இன்னொருவர் சொன்னார். கோட்டைத் தேடியவர்கள் கோட்டும் கையுமாக அப்படியே நின்றார்கள். சுளகு வைத்திருந்த பெண்கள் சுளகை மடியில் கவிழ்த்துவிட்டு, ஏறி நின்று பார்க்க இருக்கையில் இடம் தேடினார்கள். வரிசை வரிசையாக, இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஊரே திரும்பியது. கடைசியில் மேடையிலிருந்த மேயரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இறங்கிப் போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. பஞ்சலிங்கத்துக்கு முன்னால் கறுத்த பிடரிகள்தான் நிறைந்திருந்தன. அத்தனை முதுகை வாழ்க்கையில் அவர் சந்தோஷமாகப் பார்த்தது அன்றுதான். கண் நிறைந்து வழிந்தது, அதை அவர் துடைக்கவும் இல்லை.

படப்பிடிப்பாளர் வேறு வழி தெரியாமல் அதையே எடுத்தார்.

மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. முந்நூறு பிடரிகள். செய்தியில் எத்தனை பாகை என்று ஒரு வரியும் இல்லை. மலையைப் பற்றி நான்கு பந்தி இருந்தது. முன்வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும், படத்தை முன்னமே பார்த்து முடித்தவள், திரும்பாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடமிருந்து வலமாகப் பெயர் போட வழியில்லாமல் பத்திரிகைக்காரர்கள் கீழே ஒரு பெயரைத்தான் போட்டிருந்தார்கள்: கமலவேணி பஞ்சலிங்கம்.

பஞ்சலிங்கம் அதை வெட்டிச் சட்டம் போட்டு, கொண்டையும் கனகாம்பரமும் இருந்த படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கமலவேணி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்னப்பா இது," என்றாள். "சனத்தின்ரை தலையள் மறைச்சு, உங்கட படம் கொஞ்சமும் தெரியேல்லை."

"மறைக்கட்டும்," என்றார் பஞ்சலிங்கம்.